குலியோன்: நோயாளிகளை நாடுகடத்திய தீவு ஊராக மாறிய கதை (கேள்வி பதில்)

பிலிப்பைன்ஸின் கோரோனுக்குச் சுற்றுலா போகிற பலரும் பக்கத்திலேயே இருக்கும் குலியோனை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். போனவர்களும் ஒரு தேவாலயம், ஒரு மலை, நாலு புகைப்படம் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய தொழுநோய்க் குடியிருப்பாக இருந்து, பிறகு எல்லா ஊரையும் போல ஒரு ஊராக ஆனது இந்தத் தீவு. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

குலியோன் எங்கே இருக்கிறது?

பிலிப்பைன்ஸின் மேற்குப் பக்கத்தில் பலவான் என்று ஒரு நீளமான தீவு உண்டு. அதன் வடக்கு முனைக்கும் மிந்தோரோ தீவுக்கும் நடுவே சிதறிக் கிடப்பவை கலாமியன் தீவுகள். புசுவாங்கா, குலியோன், கோரோன், லினாபகன் ஆகியவை அவற்றில் பெரியவை. பரப்பில் புசுவாங்காவுக்கு அடுத்தது குலியோன், ஏறக்குறைய 390 சதுர கிலோமீட்டர். மணிலாவிலிருந்து தென்மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும்.

இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குலியோனின் வரலாறு முழுக்க இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. தலைநகரிலிருந்து ஒரு கப்பல் போய்வரும் அளவுக்கு அருகில் இருந்தது. நீந்தியோ சிறு படகிலோ தப்பி வர முடியாத அளவுக்குத் தள்ளியும் இருந்தது.

குலியோனை முனிசிபாலிட்டி என்கிறார்களே, நம்மூர் நகராட்சி மாதிரியா?

இல்லை. பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸில் மாகாணத்துக்குக் கீழே நகரங்களும் முனிசிபாலிட்டிகளும் வருகின்றன. நாடு முழுவதும் ஆயிரத்து ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான முனிசிபாலிட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வயலும் தோப்பும் மீன்பிடிக் கிராமங்களும் சேர்ந்தவை, அதாவது நம் ஊராட்சி ஒன்றியத்துக்கு நெருக்கமானவை. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் மன்றமும் உண்டு. ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் பராங்காய் எனப்படும் சிறு அலகுகளாகப் பிரியும். பராங்காயை நம்மூர்ப் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

குலியோனில் 14 பராங்காய்கள், 20 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான மக்கள். ஊர் மையம் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. மற்ற பராங்காய்கள் கரையோரமாகவும் குட்டித் தீவுகளிலுமாகப் பரந்து கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, சாலையைவிடப் படகுதான் பல இடங்களில் வசதி.

நிலமும் காலநிலையும் எப்படி?

தாழ்ந்த குன்றுகள், புல்வெளிகள், கரை முழுக்க அலையாத்திக் காடுகள், கடலுக்குள் பவளப்பாறைகள். கோரோன் தீவின் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கேயும் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குலியோன் சாதுவான நிலம்.

பருவம் இரண்டே. ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அமிஹான் எனப்படும் வடகிழக்குக் காற்றோடு வறட்சியான காலம். அப்புறம் ஹபகாட் எனப்படும் தென்மேற்குக் காற்றும் மழையும். புயலுக்கும் குறைவில்லை. 2013 நவம்பர் 8 அன்று யோலாண்டா என்று அங்கே பெயரிடப்பட்ட ஹையான் சூறாவளி நாட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனபோது, கடைசியாகக் கரை தொட்டது பக்கத்து புசுவாங்காவில்தான். குலியோனும் அடி வாங்கியது.

விலங்குகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலாமியன் மான் இந்தத் தீவுக் கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. நம்மூர்ப் புள்ளிமானுக்குச் சொந்தக்கார இனம் அது, ஆனால் வளர்ந்த மானின் உடம்பில் புள்ளி இருக்காது.

நோயாளிகள் வருவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?

கலாமியன் தக்பன்வா மக்கள். கடலையும் காட்டையும் நம்பி வாழும் பழங்குடிகள். இன்றும் இந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ரெக்கலெக்ட் சபைத் துறவிகள் இந்தப் பக்கம் வந்து மதம் பரப்பினார்கள். தெற்கிலிருந்து மோரோ எனப்படும் முஸ்லிம் மக்களின் படகுகள் வந்து கொள்ளையடித்து ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப்போவது அப்போது வழக்கம். அதற்குப் பயந்துதான் கடலைப் பார்த்த பாறை மேல் கோட்டை எழுந்தது. இன்று ஊரின் அடையாளமான அமலோற்பவ மாதா தேவாலயம் அந்தக் கோட்டைச் சுவருக்குள்தான் நிற்கிறது.

1900-களின் தொடக்கத்தில் தீவைத் தொழுநோய்க்காக ஒதுக்கியபோது, பழைய குலியோன் ஊரில் குடியிருந்தவர்களை அரசு பக்கத்துத் தீவுகளுக்குப் போகச் சொல்லிவிட்டது. நோயாளிகளின் துயரம் எத்தனையோ முறை எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்கு இடம் விட்டுப் போனவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தக்பன்வாக்களின் நில உரிமைக் கோரிக்கைகளுக்குப் பின்னால் இந்தப் பழைய கணக்கும் இருக்கிறது.

ஏன் குலியோனைத் தேர்ந்தெடுத்தார்கள்?

தொழுநோய் பிலிப்பைன்ஸுக்குப் புதிதல்ல. 1632-ல் ஜப்பான் தன் நாட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழுநோயாளிக் கிறிஸ்தவர்களைக் கப்பலேற்றி மணிலாவுக்கு அனுப்பியது. பிரான்சிஸ்கன் துறவிகள் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். மணிலாவின் சான் லாசரோ மருத்துவமனைக்குப் பெயர் வந்த கதை இதுதான். ஸ்பானியர் காலத்தில் மணிலா, செபு போன்ற இடங்களில் திருச்சபை நடத்திய இல்லங்கள் இருந்தன. ஆனால் யாரையும் கட்டாயமாகப் பிடித்து அடைக்கும் நாடு தழுவிய ஏற்பாடு கிடையாது.

1898-க்குப் பிறகு நாட்டைக் கையில் எடுத்த அமெரிக்கர்களிடம் ஒரு முன்மாதிரி தயாராக இருந்தது: தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த ஹவாயின் மொலோக்காய் தீவு. தொழுநோய்க்குக் கிருமி காரணம் என்று நார்வேயின் ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்திருந்தார். மருந்துதான் இல்லை. மருந்து இல்லாத தொற்றுநோய் என்றால் நோயாளியைப் பிரித்து வை, அவர்கள் இறந்தால் நோயும் இறந்துவிடும் என்பது அன்றைய தர்க்கம். சுகாதார இயக்குநர் விக்டர் ஹைசர் இந்தத் திட்டத்தைத் தலைமேல் எடுத்துச் செய்தவர். நல்ல துறைமுகம், குறைந்த மக்கள்தொகை, சுற்றிலும் கடல் என்று குலியோன் கச்சிதமாகப் பொருந்தியது.

தொழுநோய் அவ்வளவு எளிதாகத் தொற்றுவதில்லை என்பதையும், பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பாகவே அதை எதிர்க்கும் சக்தி உண்டு என்பதையும் இன்று அறிந்த நமக்கு, அந்த ஏற்பாடு எவ்வளவு அநியாயம் என்பது தெரிகிறது. அன்று அதைச் செய்தவர்கள் நல்லது செய்வதாகவே நம்பினார்கள். இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது அதுதான்.

முதலில் வந்தவர்கள் யார்?

1906 மே 27. செபுவிலிருந்து 370 நோயாளிகளோடு இரண்டு அரசுக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவர்களைக் கவனிக்க ஓர் இயேசு சபைப் பாதிரியாரும் புனித பவுல் சபைக் கன்னியர் நால்வரும் வந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1907 செப்டம்பரில், 1711 என்ற எண் கொண்ட சட்டம் வந்தது. நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் யாரையும் பிடித்து, சோதித்து, உறுதியானால் குலியோனுக்கு அனுப்ப அதிகாரம். பிறகு கப்பல்கள் தீவு தீவாகச் சுற்றி ஆட்களைச் சேகரித்தன. சேகரிப்பு என்ற சொல்லைத்தான் அதிகாரிகளும் பயன்படுத்தினார்கள். வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தவரும் உண்டு, ஒளிந்திருந்த குழந்தையும் உண்டு. மாவட்ட மருத்துவர் கைகாட்டினால் கப்பலேற வேண்டியதுதான். ஆரம்ப வருடங்களில் காசநோய், நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா என்று பலர் இறந்துபோனார்கள். "திரும்பி வர முடியாத தீவு" என்ற பெயர் சும்மா வரவில்லை.

1930-களில் நோயாளிகளின் எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியது. அப்போதுதான் உலகின் மிகப் பெரிய தொழுநோய்க் குடியிருப்பு என்று அறியப்பட்டது. 1921-லிருந்து 1927 வரை அமெரிக்கக் கவர்னர் ஜெனரலாக இருந்த லெனர்ட் வுட் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு தீவுக்கே கொடுத்தார்.

தனி நாணயம் இருந்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மை. நாணயம் சேர்ப்பவர்கள் குலியோன் பெயரைக் கேட்டிருப்பதே இதனால்தான். நோயாளிகள் தொட்ட காசு வெளியே போய் நோயைப் பரப்பிவிடும் என்ற பயத்தில், 1913-ல் குடியிருப்புக்கென்று தனியாக அலுமினிய நாணயங்கள் அடித்தார்கள். அரை சென்டாவோவிலிருந்து ஒரு பெசோ வரை. வெளியே செல்லாது. தீவின் கடைகளில் மட்டும் செல்லும். கிருமிநாசினியில் முக்கி முக்கி அலுமினியம் அரித்துப்போக, பின்னால் வேறு உலோகத்துக்கு மாறினார்கள். 1930 வரை புதுப்புது வெளியீடுகள் வந்தன.

காசால் தொழுநோய் பரவாது. அப்படியிருந்தும் இத்தனை வருடம் அதற்காகத் தனி நாணயமே அடித்திருக்கிறார்கள்.

உள்ளே வாழ்க்கை எப்படி நடந்தது?

இது கொஞ்சம் நீளமான பதில்.

ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. நோயாளிகள் ஒரு பக்கம். மருத்துவர்களும் ஊழியர்களும் பலாலா என்ற பக்கம். நடுவே காவலோடு வாசல். நோயில்லாதவரை 'சானோ' என்பார்கள், ஸ்பானிய மொழியில் ஆரோக்கியமானவர் என்று பொருள். நோயாளி 'லெப்ரோசோ'. அந்த வாசலைத் தாண்டும்போது கிருமிநாசினியில் நனைய வேண்டும். பலாலா இன்று ஒரு பராங்காய். அந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்களுக்கு வாசல்தான் நினைவுக்கு வரும்.

நோயாளிகளுக்குள்ளேயே போலீஸ், ஆலோசனைக் குழு, இசைக்குழு, நாடகம், பள்ளிக்கூடம், கடை எல்லாம் இருந்தன. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மொழி பேசினார்கள். செபுவானோ, இலோகானோ, பிகோல், வாரை. இவர்களுக்குப் பொதுவான ஒன்று வேண்டும் என்று மணிலாப் பகுதி மொழியான தகாலோக் நிலைத்தது. பலவான் மாகாணத்தின் மூலையில் இருக்கும் இந்தத் தீவில் இன்றும் தகாலோக் இவ்வளவு சகஜமாகப் புழங்குவதற்கு இதுதான் காரணம்.

திருமணம் பெரிய பிரச்சினை. நோயாளிகள் கலியாணம் செய்தால் குழந்தை பிறக்கும், குழந்தைக்கும் நோய் வரும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்தார்கள். ஒரு காலத்தில் திருமணத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்னொரு காலத்தில் தடை போட்டார்கள். 1932-ல் பொறுக்க முடியாமல் ஆண்கள் கூட்டமாகப் பெண்கள் விடுதிக்குள் புகுந்துவிட்டார்கள். அப்போது ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் நுழைந்த செய்தி எல்லார் வாயிலும் இருந்ததால், அந்தக் கலவரத்துக்கும் ஊர்க்காரர்கள் 'மஞ்சூரியா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு கிண்டல் அங்கே எப்போதும் இருந்திருக்கிறது.

கிண்டல் செய்ய முடியாதது குழந்தைகள் விஷயம். பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து எடுத்துப் பலாலாவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். பெற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. உறவினர் யாரும் ஏற்க முன்வராத குழந்தைகள் மணிலா பக்கம் இருந்த அரசு விடுதிகளுக்குப் போனார்கள். நோய் கை கால்களை எடுத்தது, குழந்தைகளை எடுத்தது அரசு.

மருந்து ஏதும் இல்லையா? நம்மூர் நீரடிமுத்துவுக்கு இதில் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. தொழுநோயைக் குணப்படுத்தும் சல்போன் மருந்துகள் வருவதற்கு முன்னால் தொழுநோய்க்கு உலகம் முழுக்கப் பயன்பட்டது சால்மூக்ரா எண்ணெய். பர்மா, அசாம் பக்கம் வளரும் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து மரம். சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் காலங்காலமாகச் சொல்லப்பட்ட சரக்கு. 1920-களில் குலியோனில் நீரடிமுத்து எண்ணெயிலிருந்து தயாரித்த எஸ்டர் என்ற வேதிப்பொருள்களையும் ஊசியாகப் போட்டார்கள்.

எண்ணெயைக் குடித்தால் குமட்டும். அதனால் மணிலா சான் லாசரோவின் மருத்துவர் எலியோதோரோ மெர்க்காதோ, கற்பூர எண்ணெயும் ரெசார்சின் என்ற வேதிப்பொருளும் கலந்து தசையில் ஊசி போடும் முறையைக் கொண்டுவந்தார். ஹைசர் அதைப் பரப்பினார். ஊசி போட்ட இடம் கட்டியாகி வலிக்கும். சிலருக்குக் குணம் தெரிந்தது, பலருக்கு இல்லை. பரிசோதனையில் கிருமி காணாதவர்களை 'நெகட்டிவ்' என்று சொல்லி வெளியே விட்டார்கள். ஊருக்குப் போனவர்களில் சிலர் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டார்கள். வீட்டில் சேர்க்கவில்லை.

குலியோனோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு பெயர் ஹெர்பர்ட் விண்ட்சர் வேட். 1922-ல் நோயியல் நிபுணராக வந்தவர் 1968-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அங்கேயே இருந்தார். அவரைப் புதைத்திருப்பதும் குலியோனில்தான். 1933-ல் தொடங்கிய சர்வதேசத் தொழுநோய் ஆய்விதழின் முதல் ஆசிரியர். தொழுநோய் பற்றி உலகம் படித்த ஆய்விதழை இந்தச் சின்னத் தீவிலிருந்த ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார்.

போரில் என்ன ஆனது?

1942-ல் ஜப்பானியர் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் மணிலாவிலிருந்து வரும் அரிசிக் கப்பல் நின்றது. சொந்தமாக விளைவிக்காத ஊர். பசியால் பலர் இறந்தார்கள். முடிந்தவர்கள் படகு ஏறிப் போய்விட்டார்கள்.

1944 செப்டம்பர் 24 அன்று கோரோன் விரிகுடாவில் ஒளிந்திருந்த ஜப்பானியக் கப்பல்களை அமெரிக்க விமானங்கள் தாக்கி மூழ்கடித்தன. அகிட்சுஷிமா என்ற கடல்விமானத் துணைக்கப்பல் குலியோனுக்கும் புசுவாங்காவுக்கும் நடுவே கிடக்கிறது. இன்று முக்குளிப்பவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

எப்போது அது சாதாரண ஊராக மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. போருக்குப் பிறகு சல்போன் மருந்துகள் வந்தன. 1964-ல் வந்த 4073 என்ற சட்டம் கட்டாயத் தனிமையை ஏறக்குறைய முடித்துவைத்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்றானது. 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் புதிய நோயாளிகள் மளமளவெனக் குறைந்தார்கள்.

ஆனால் அதற்குள் மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தது. பிள்ளைகள், பேரன்கள், ஊழியர்களின் குடும்பங்கள், வேலை தேடி வந்தவர்கள். அவர்களுக்கு மேயர் கிடையாது, மன்றம் கிடையாது. ஊரை நடத்தியது மருத்துவமனையின் தலைமை மருத்துவர். குடியிருந்த நிலம் சுகாதாரத் துறையின் ஒதுக்கீடு. 1992-ல் 7193 என்ற சட்டம் குலியோனை பலவான் மாகாணத்தின் முனிசிபாலிட்டி ஆக்கியது. 1995-ல் உள்ளாட்சிக்கு முதல் முறையாகத் தேர்தல் நடந்தது. 2006-ல், முதல் கப்பல் வந்து சரியாக நூறாண்டு ஆன வருடம், உலக சுகாதார நிறுவனம் குலியோனைத் தொழுநோயற்ற பகுதி என்று அறிவித்தது.

இந்த அறிவிப்பைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் 1992 அதைவிடப் பெரியது. நோய் போவதற்கு மருந்து போதும். 'குலியோன்காரர்' என்று சொன்னால் நோயாளி என்று அர்த்தமில்லாமல் ஓர் ஊர்க்காரர் என்று அர்த்தம் வர, அந்த ஊருக்குத் தேர்தலும் சொந்த மேயரும் தேவைப்பட்டன.

இன்று என்ன செய்து பிழைக்கிறார்கள்?

முக்கியமாகக் கடல். மீன்பிடிப்பு, வெளிநாட்டு உணவகங்களுக்கு உயிரோடு போகும் களவாய் வகை மீன்கள், கடற்பாசி. நிலத்தில் தென்னை, முந்திரி. முந்திரி இந்தத் தீவுகள் முழுக்கப் பிரபலம். கோரோன் கடைத்தெருவில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும். மருத்துவமனை இன்று பொது மருத்துவமனையாகவும் இயங்குகிறது, சுற்றுவட்டத் தீவுகளுக்கெல்லாம் அதுதான் துணை. இயேசு சபையினர் நடத்தும் லயோலா கல்லூரியும் இங்கே இருக்கிறது.

போனால் எதைப் பார்ப்பது? எப்படிப் போவது?

மணிலாவிலிருந்து புசுவாங்காவுக்கு விமானம், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து வேனில், அதே புசுவாங்கா தீவிலிருக்கும் கோரோன் ஊர். பிறகு பாங்கா எனப்படும், இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஹபகாட் காலத்தில் கடல் பார்த்துப் புறப்படுங்கள்.

படகு நெருங்கும்போதே மலைச்சரிவில் வெள்ளையாக ஒரு பெரிய கழுகு தெரியும். 1926-ல் நோயாளிகள் பவளக்கற்களை அடுக்கி உண்டாக்கிய சுகாதாரத் துறைச் சின்னம் அது. தங்களைப் பிடித்து அடைத்த துறையின் முத்திரையை அவர்களே மலையில் பதித்திருக்கிறார்கள். பெருமையா, கடமையா, பொழுதுபோக்கா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. முந்நூறுக்கும் மேற்பட்ட படி ஏறினால் மேலே கிறிஸ்து சிலையும் கீழே முழு ஊரும்.

அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். பழைய ஆய்வகக் கட்டடத்தில் இருக்கிறது. ஊசிகள், நாணயங்கள், புகைப்படங்கள், நோயாளிகளின் கோப்புகள். இந்த ஆவணத் தொகுப்பை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டின் ஆசிய பசிபிக் பட்டியலில் 2018-ல் சேர்த்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் தங்கள் தாத்தா பாட்டியின் பெயரை இந்தக் கோப்புகளில்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

அங்கே நோயாளிகளைப் பார்க்கலாமா? தொற்றுமா?

தொற்றாது. சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தொழுநோயாளியிடமிருந்து பரவுவது நின்றுவிடும். அங்கே இருப்பவர்களோ குணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்களும் அவர்களுடைய சந்ததிகளும்.

பார்க்கலாமா என்றால், பார்வையிடும் பொருளாக யாரும் அங்கே இல்லை. தகாலோக்கில் தொழுநோய்க்கு 'கேத்தோங்' என்று சொல், நோயாளியைக் 'கேத்தோங்கின்' என்பார்கள். நம்மூரில் குஷ்டரோகி என்ற சொல் எப்படிச் சுடுமோ அப்படித்தான் அதுவும் சுடும். அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். வயதான ஒருவர் விரல் குறைந்த கையை நீட்டினால், குலுக்கிவிட்டு எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். செபு, இலோகோஸ் என்று தாத்தா வந்த ஊரைச் சொல்லத் தொடங்குவார். உட்கார்ந்து கேட்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.